தாமாகவே முன்வந்து

மீகாங் ஆற்றின் இரு கரையிலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். ஆனால் லாவோஸ் கரையில் வண்டியை மோதி ஓர் ஆளை முடமாக்கிவிட்டு, பாலத்தைத் தாண்டித் தாய்லாந்துக்குள் போய்விட்டால், அடிபட்டவனின் வழக்கு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அதை மாற்றும் உடன்படிக்கையை நான்கு வருடம் உட்கார்ந்து எழுதியவள் கேவ்மணி. இனி இங்கே போலீஸ் எடுத்த வாக்குமூலம் அங்கேயும் செல்லும். நஷ்டஈடு கேட்டு அக்கரை நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பத்து வருடப் பழைய வழக்குகளைக்கூடத் திரும்ப எடுக்கலாம் என்றது பதினேழாம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் தாமாகவே முன்வந்து கைவிட்ட வழக்குகளுக்கு மட்டும் அதில் இடமில்லை. அந்த விலக்கைச் சேர்த்ததும் கேவ்மணிதான். எல்லாக் கோப்பும் கிளம்பி வந்தால் நீதிமன்றம் தாங்காது என்று காரணம் சொல்லியிருந்தாள்.

இரு நாட்டுக் குழுக்களின் கடைசிக் கூட்டம் லாவோஸ் கரையிலுள்ள சவன்னகேத்தில் நடந்தது. விபத்தில் அடிபட்டவர்கள் சிலரையும் வரவழைத்திருந்தார்கள். மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயர் கேவ்மணிக்குத் தெரிந்த பெயர். ஊன்றுகோலோடு உள்ளே வந்தார் புன்லியெங்.

ஏழு வருடத்துக்கு முன் அவர் மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கரை வண்டி மோதி வலது கால் போனது. அப்போது கேவ்மணி மாவட்ட நீதி அலுவலகத்தில் எழுத்தர். வழக்கு என்னவாயிற்று என்று கேட்டு அவர் நான்கு முறை அங்கே நடையாய் நடந்தார். நான்காம் முறை அவர் வந்தபோது, அடுத்த வாரம் அங்கே தணிக்கை நடக்கவிருந்தது. முடியாத வழக்குகள் குறைந்தால் அவளுக்குத் தலைநகரின் நீதி அமைச்சகத்துக்கு மாற்றல் கிடைக்கும். ஒரு தாளை நீட்டி, "இதுல கையெழுத்து போடுங்க அண்ணே. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அத்தாட்சி" என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவர். போட்டுக்கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எல்லா ஆபீஸ்லயும் என்னை ஒத்தக் காலோட நிக்க வெச்சே பேசினாங்கய்யா. இந்தத் தங்கச்சி ஒருத்திதான் நாற்காலி இழுத்துப் போட்டுச்சு. ஏம்மா, என் கேஸு பத்திரமா இருக்குல்ல?"

தாய்லாந்துக் குழுவின் தலைவி, அரசு வழக்கறிஞர் சிசுடா, கோப்பைக் கேட்டார். கேவ்மணியின் மேலதிகாரி கம்பெங் அதைப் பிரித்துப் படித்தார். "தாமாகவே முன்வந்து கைவிட்டார்னு இருக்கே."

"நானா? எப்போ?"

"கையெழுத்து இருக்கு அண்ணே. மறந்திருப்பீங்க" என்றார் கம்பெங்.

புன்லியெங் தாளையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அப்போ நான்தான் புரியாம போட்டிருப்பேன். படிக்காத முட்டாள். உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார்.

கேவ்மணி தன் முன்னால் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில் அவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மூங்கில் கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டி நீட்டினார். "முகம் வாடியிருக்கே, சாப்பிடும்மா. என் பொண்டாட்டி அரைச்ச மிளகாய்த் துவையல், கண்ணுல தண்ணி வரும்." அவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

எழுந்து போய் கம்பெங்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? நாளைக்குக் கையெழுத்தாகப்போற உடன்படிக்கை. ஒருத்தனுக்காக அத்தனையும் குட்டிச்சுவராக்கப் போறியா?"

"ஒருத்தர் இல்ல சார். பன்னெண்டு பேர்."

மதியக் கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றாள்.

"புன்லியெங் அண்ணன் கோப்புல 'தாமாகவே முன்வந்து கைவிட்டார்'ங்கிற வரியை எழுதினது நான். அவர் கைவிடல. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இதே மாதிரி இன்னும் பதினோரு கோப்பு இருக்கு. பதினேழாம் பிரிவுல அந்த விலக்கு வேணும்னு நான் பிடிவாதம் பிடிச்சதும் அதுக்காகத்தான். அந்தக் கோப்புகளை யாரும் திரும்பத் திறக்கக் கூடாதுன்னு."

கம்பெங் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சிசுடா பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பக்கம் மட்டும் இது இருக்காதா என்ன? நாங்க தேடிப் பார்க்கல" என்றார்.

கையெழுத்து இரண்டு மாதம் தள்ளிப்போனது. நீதிபதி முன் வாசித்துக் காட்டாமல் வாங்கிய கைவிடல் எதுவும் செல்லாது என்று பிரிவை மாற்றி எழுதினார்கள். எழுதியது வேறொருவர். கேவ்மணியைக் குழுவிலிருந்து நீக்கி விசாரணை வைத்தார்கள்.

அவள் ஒப்புக்கொண்ட அன்றே மாலை, கூட்டத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாசலில் வண்டிக்காகக் காத்திருந்த புன்லியெங்கிடம் போய், "அண்ணே…" என்றாள்.

அவர் திட்டவில்லை. "ஏழு வருஷமா ஊர் முழுக்க உன்னைப் பத்தி நல்லதா சொல்லிட்டுத் திரிஞ்சேனேம்மா" என்றார். "என் மக பொறந்தப்போ உன் பேரைத்தான் வெச்சேன்."

வண்டி வந்தது. அவர் ஏறத் தடுமாறியபோது கேவ்மணி கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துத் தானே ஏறிக்கொண்டார்.