கை தூக்கிப் பார்த்த வண்டி

தலைமையாசிரியர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய பிக்கப் வண்டியிடம்கூடக் காலை அணிவகுப்பில் பேசுவதுபோலத்தான் பேசுவார். அந்தச் சனிக்கிழமை, வண்டியோடு சேர்ந்து அவர் மனைவியும் கேட்க வேண்டியதாயிற்று.

"நல்லா கவனி. போன மாசம் வண்டி மாட்டினதுக்கு ஒரே காரணம் உயரம் பத்தல. புது டயர் நாலு விரல் பெருசு. அது உள்ள அடங்கணும்னா மட்கார்டோட ஓரத்தை வெட்டணும். அவ்வளவுதான் விஷயம்."

"ம்" என்றாள் அவள். தையல்காரி. வாயில் இரண்டு குண்டூசி. வாயில் குண்டூசி இருப்பதில் ஒரு வசதி, "ம்" தவிர வேறு பதில் சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் பாதியைக் காப்பாற்றியது அந்தக் குண்டூசிகள்தான்.

மகளைக் கட்டிக் கொடுத்த வீடு மலைமேல் இருந்தது. பாதை என்று அவர்கள் சொல்வது கல்லும் குழியும்தான். போன மாதம் பாதி வழியில், ஒரு கொண்டைஊசி வளைவில், வண்டி வயிறு தட்டி நின்றுவிட்டது. மருமகன் டிராக்டரோடு இறங்கி வந்து கயிறு கட்டினான். "மாமா, நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்குங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. அரைமணி நேரம் இழுபட்டுப் போனபோது தலைமையாசிரியர் அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும் அறிவித்தார்: இனி வண்டி தானாக ஏறினால்தான் அந்த வீட்டுப் படியில் கால் வைப்பார்.

பேத்தி நடக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. நாளைக்கு அவளுக்கு ஒரு வயது. டிராக்டரில் தொற்றிக்கொண்டு மனைவி மட்டும் போயிருக்கலாம். ஆனால் வகுப்புக்கு வெளியே முட்டி போடவைத்த பையன்போல இந்த மனுஷனை வீட்டில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வேடிக்கை பார்க்க வந்தார். "சார், மெக்கானிக்கிட்ட விட்டா அரை நாள்ல முடிச்சிடுவானே."

"அவனுக்கு வேலை தெரியும். காரணம் தெரியுமா?"

காரணம் டிரைவருக்கும் தெரியாது. தலைமையாசிரியர் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, வெட்டும் மெஷினால் முன்பக்க மட்கார்டு இரண்டின் ஓரத்தையும் அறுத்தார். புது டயர்களை மாட்டினார். "பாத்தியா? சுத்தி ரெண்டு விரல் இடைவெளி."

வண்டி கிளம்பியது. வாசலில் தெருப்பக்கம் திரும்பியதுதான் தாமதம், கர்ரென்று ஒரு சத்தம். பாதி உடம்பு வீட்டிலும் பாதி தெருவிலுமாக வண்டி நின்றது. புது டயரின் தோளில் ஒரு துண்டு பிய்ந்திருந்தது.

தலைமையாசிரியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "மாப்பிள்ளைக்கு போன் போடு. நாளைக்கு வந்து உன்னை மட்டும் கூட்டிட்டுப் போகட்டும்."

அவர் பேசினால் தாங்கிக்கொள்ளலாம். இப்படிக் குரல் இறங்கினால் தாங்காது. அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"வெட்டறப்ப சக்கரம் எப்படி நின்னுச்சு?"

"நேரா."

"வண்டியில பாரம்?"

"எதுக்கு?"

"சட்டை தைச்சா கையைத் தூக்குங்கன்னு சொல்லுவேன். பேன்ட் தைச்சா உக்காருங்கன்னு சொல்லுவேன். கண்ணாடி முன்னாடி விறைப்பா நிக்கறப்ப எல்லாருக்கும் எல்லாமே சரியாத்தாங்க இருக்கும்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு இப்போது அந்த டிரைவர்தான் தேவைப்பட்டார். "தம்பி, அந்த பம்பர்மேல ஏறி நில்லுங்க. கூட இன்னொரு ஆளைக் கூப்பிடலாமா?"

"வேணாங்க்கா. நானே ரெண்டு ஆளு."

அவர் ஏறியதும் வண்டி மூக்கைத் தாழ்த்தியது. அவள் துணியில் குறி போடும் சாக்பீஸை டயர் முழுக்கத் தேய்த்தாள். தலைமையாசிரியர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தார். மட்கார்டில் டயர் உரசிய இடமெல்லாம் வெள்ளையாகப் படிந்தது. இடுக்கில், அவர் ஸ்கேல் எட்டியே பார்க்காத இடத்தில்.

"அதையும் அறுத்துடறேன்" என்று மெஷினை எடுத்தார்.

"அறுத்தா விளிம்பு கத்தியாட்டம் நிக்கும். திரும்ப டயரைத்தான் கிழிக்கும். வளைவுல நான் துணியை எப்படி மடிப்பேன்? ஓரத்தைக் குட்டிக் குட்டியா நறுக்கிவிட்டு உள்ள தள்ளுவேன். அப்பதான் சுருங்காம படியும்."

அவர் மெஷினைக் கீழே இறக்கினார். பிறகு, எந்தக் கல்வி அதிகாரியிடமும் கேட்டிராத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டார்: "எத்தனை இடத்துல நறுக்கணும்?"

அவள் சாக்பீஸால் குறி போட்டாள். அவர் நறுக்கினார். ஒவ்வொரு தகட்டையும் சுத்தியலால் உள்பக்கம் தட்டிப் படியவைத்தார். துருப்பிடிக்காமல் இருக்க அறுத்த ஓரத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்தார். பிய்ந்த டயரைப் பின்னால் மாற்றி, பின்சக்கரத்துக்கும் சாக்பீஸ் பரீட்சை நடத்தினார். அங்கே இடம் தாராளம். மறுபடி டிரைவர் ஏறி நின்றார், மறுபடி ஸ்டியரிங் இரண்டு கோடிக்கும் திரும்பியது. இந்த முறை மட்கார்டில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வளைவு வந்தது. அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். கல் நொறுங்கும் சத்தம், எஞ்சின் சத்தம். வேறு சத்தமே இல்லை.

"கையை நல்லா தூக்குது" என்றாள்.

அவர் கியரை மாற்றினார். காது மட்டும் சிவந்திருந்தது.

மேலே மருமகன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, டிராக்டரை ஓடவிட்டுத் தயாராக நின்றான். வண்டியைக் கண்டதும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். நல்ல பையன். குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். "எங்கயுமே பிசிறு இல்லையே மாமா. யார் செஞ்சது?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். குறைந்தது இருபது நிமிஷம். பேத்தி வேறு தத்தித் தத்திப் பாதி வாசல் வந்துவிட்டாள். இவர் எப்போது முடித்து, அவளை எப்போது தூக்குவது?

"நான் வெட்டிக் கெடுத்தேன்" என்றார் அவர். "உங்க அத்தை சரி பண்ணாங்க."

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. குனிந்து பேத்தியைத் தூக்கி மனைவியிடமே கொடுத்தார்.

அவள் வாயில் அன்றைக்குக் குண்டூசி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் "ம்" என்றுதான் சொல்ல வந்தது.