ஏழு நாற்பதைவிடச் சின்னது

அன்று காலை என் கணவர் எனக்குச் சடை பின்னிவிட்டார். என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கையால் தலை வாரலாம், பின்ன முடியாது. ரப்பர் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏதோ ஒயரைச் சரிசெய்வதுபோல இழுத்து இழுத்துப் பின்னினார்.

"இழுக்காதீங்க, தலையே கையோட வந்துடும்."

"வந்தா சௌகரியம். மேஜைல வச்சு நிதானமா பின்னலாம்."

சடை இடது பக்கமாகச் சாய்ந்து முடிந்தது. கோணலாக இருக்கிறது என்றேன். "நடக்க நடக்க நேராயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. முன்பு ஜெராக்ஸும் தட்டச்சும் செய்யும் கடை வைத்திருந்தார். அது படுத்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து பிஎச்பி என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு என் தம்பியின் கம்பெனியில் சேர்ந்தார். இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. நாங்கள் குடியிருந்ததும் தம்பி வீட்டு மாடியில்தான். வீட்டில் தம்பி அவரை மாமா என்பான். ஆபீசில் தாத்தா. அந்தப் பெயரை முதலில் வைத்தவனே அவன்தான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். "என் பேரன்கள்ல பாதிப் பேருக்குத் தாடி இருக்கு, தெரியுமா?"

அப்போது தேர்வு நடத்தும் ஒரு அலுவலகத்துக்காகப் பக்கம் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். நாற்பது வரிசை, வரிசைக்கு ஆறு நாற்காலி. ஒரே பாடம் எழுதும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நான் அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலை பார்ப்பவள். எதையும் ஒரு வரி விடாமல் கேட்டுக்கொள்ளும் பழக்கம். அவர் எழுந்துபோய் முட்டை அட்டையை எடுத்து வந்தார்.

"இந்தக் கைதான் வெளி லூப், வெளிச் சுத்து. ஒரு வரிசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அசையாது. இந்தக் கை உள் லூப். அந்த வரிசையில குழி குழியா போய் முட்டை வைக்கும். கடைசிக் குழி முடிஞ்சாத்தான் அந்தக் கை அடுத்த வரிசைக்கு நகரும். எல்லாம் முடிஞ்சா அட்டை நிறைஞ்சிடும். அதைத்தான் நாங்க அரேங்கறோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இதே மாதிரி இன்னொரு சுத்து. இந்தத் தடவை வைக்கிறதில்ல, பாக்கறது. பக்கத்துக் குழியில ஒரே சாதி முட்டை இருந்தா மாத்தி வைக்கணும்."

"ரெண்டு கையும் முட்டிக்கிட்டா?"

"முட்டாது. ஒவ்வொரு கைக்கும் தனிப் பேர் வச்சிருக்கேன்."

வரிசையைப் பிடிப்பதற்கு வரிசை என்றும், நாற்காலியை எண்ணுவதற்கு இருக்கை என்றும், தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் ஐ, ஜே என்று ஒற்றை எழுத்து வைப்பதுதான் வழக்கமாம். தம்பி சாப்பாட்டு மேஜையில்கூட இதைச் சொல்லிக் கேலி செய்வான். "கோடிங் எழுதச் சொன்னா மாமா கதை எழுதறாரு."

சடை பின்னிவிட்ட அன்று மாலை அவர் வரவில்லை. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, அங்கே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். ஒருவர் அவருடைய தோள்மீது சாய்ந்துகொண்டு போனில் பேசியும் இருக்கிறார். பை கீழே விழுந்து, அவர் குனிந்து எடுக்காதபோதுதான் தெரிந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கேட்பதற்கு முன்பே, "இது எப்ப வேணா நடந்திருக்கும்" என்றும் சொன்னார். தம்பி அந்த வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலேயே, "எப்ப வேணா நடந்திருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றான்.

ஆபீசிலிருந்து வந்தவர்களில் டிசைனர் ஒருவர் இருந்தார். முப்பது வயது, தாடி, நல்ல மனசு. எல்லோரும் எழுந்த பிறகும் எழாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தாத்தாவோட கடைசி வீடியோ எங்கிட்ட இருக்கு. அன்னைக்குத்தான் எடுத்தோம். ஜாலியா இருந்தாரு. பாக்கறீங்களா?"

ஆறுதலாக இருக்கும் என்றுதான் காட்டினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீட்டிங் அறை. சுவரில் வெள்ளைப் பலகை. அதன் முன்னால் இவர், கையில் மார்க்கர். மேஜைக்குத் தலைமாட்டில் தேர்வு அலுவலகத்து அதிகாரி, பக்கத்தில் என் தம்பி. சுற்றிலும் மற்றவர்கள். அன்று காலைதான் பக்கம் ஓடாமல் நின்றிருக்கிறது. நின்றது என்பதும் சரியில்லை. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, முடியவே இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போனால் தானாக நிற்கும்படி சர்வரில் ஒரு வரம்பு உண்டாம். பெரிய பட்டியல் என்பதால் அதைத் தம்பி முன்பே எடுத்துவிட்டிருந்தான். சர்வர் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. ஒருவருக்கும் இருக்கை எண் போகவில்லை. அதிகாரி நேரில் வந்துவிட்டார்.

"இப்ப சாருக்குப் புரியற மாதிரி," என்கிறான் தம்பி, "மெஷினா நீங்களே இருந்து ஓட்டிக் காட்டுங்க தாத்தா. ஒவ்வொரு சுத்தும் எழுதணும். வாயால சொல்லணும். லூப் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

சிரிப்பு. இவர் பலகையில் எழுதியிருந்த வரிகளைப் பார்க்கிறார். பிறகு தம்பியைப் பார்க்கிறார். தம்பி பேனாவைப் பார்க்கிறான்.

"ஐ பூஜ்யம்," என்று ஆரம்பிக்கிறார். "ஐ ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு, உள்ள முடிஞ்சுது. வெளிய வந்து ஒண்ணு கூட்டணும். ஏழு. ஏழு நாப்பதைவிடச் சின்னது. உள்ள போகணும். உள்ள போனா ஐ மறுபடி பூஜ்யம்."

"ஐயையோ," என்று ஒரு குரல். "மறுபடியும் மொதல்லேருந்தா?"

"ஐ ஒண்ணு. ரெண்டு. மூணு."

"தாத்தா, நாப்பதாவது வரிசை வர்றப்ப என்னை எழுப்புங்க."

"ஏழு. ஏழு நாப்பதைவிடச் சின்னது."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. தம்பியின் பக்கம் சாய்ந்து, "யார் இவரு? உங்க சொந்தக்காரரா?" என்று கேட்கிறார்.

"இல்ல சார். பழைய ஆளு. இரக்கப்பட்டு வச்சிருக்கேன்."

இவர் காதில் அது விழுந்ததா என்று வீடியோவில் தெரியவில்லை. மார்க்கர் நிற்கவில்லை. தம்பியும் அதிகாரியும் காபி குடிக்க எழுந்து போகிறார்கள். போகும்போது தம்பி போதும் என்று சொல்லவில்லை. மறந்திருப்பான். பலகை நிறைந்ததும் இவர் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு அங்கே எழுதுகிறார். யாரோ, "போதும் தாத்தா, விடுங்க" என்கிறார்கள். "இன்னும் முடியலையே," என்று திரும்பிச் சிரிக்கிறார். டிசைனர் அந்த இடத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா, எப்படிச் சிரிக்கறாருன்னு."

"எவ்வளவு நேரம் எழுதினாரு?"

"நாங்க சாப்பிட்டுட்டு வந்தப்பவும் எழுதிட்டுத்தான் இருந்தாரு. செம தமாஷ் அக்கா," என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை உள்ளே வைத்தார்.

சிரிப்பை நான் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தேன். வெளி லூப்புக்கும் ஐ, உள் லூப்புக்கும் ஐ. வரிசையைப் பிடித்திருக்கும் கையாலேயே முட்டையையும் எடுக்கப் போனால் எந்த வரிசையில் நின்றோம் என்று எப்படித் தெரியும்? முட்டை அட்டையை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைச் செய்யமாட்டார். ஐ என்ற எழுத்தையே அவர் வைக்கமாட்டார்.

எல்லோரும் போன பிறகு கீழே இறங்கிப் போனேன். தம்பி லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தான்.

"அவர் வச்ச பேரையெல்லாம் யார் மாத்தினது?"

"எந்தப் பேரு?"

"வரிசை, இருக்கை. ரெண்டையும் ஐ ஆக்கினது யாரு?"

அவன் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினான். "சுத்தமா இருக்கட்டும்னு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் மாத்தினேன். ஒண்ணுக்கு ஜே போட்டிருக்கணும். அவசரத்துல ரெண்டுக்கும் ஐ விழுந்திடுச்சு. எல்லாருக்கும் நடக்கறதுதான்க்கா."

"அது அவருக்குத் தெரியுமா?"

"பலகையில எழுதினப்பவே தெரிஞ்சிருக்கும்."

"உனக்கு?"

"எனக்கும் அப்பத்தான் உறைச்சுது." அவன் குரலில் கூச்சம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "அந்த ஆளு முன்னாடி முதலாளி கெடுத்தான்னு சொல்ல முடியுமா? ஒப்பந்தம் போயிருக்கும். மாமா புரிஞ்சுக்கிட்டாரு. அவர் பெரிய மனுஷன். நீதான் புரிஞ்சுக்க மாட்டேங்கற."

"இப்ப சொல்லு. அவர் செய்யலைன்னு அந்த அதிகாரிகிட்டச் சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"மெயில் போயாச்சு. தப்பு செஞ்சவர் இப்ப எங்ககிட்ட இல்லைன்னு எழுதியாச்சு. அவங்களும் சரின்னுட்டாங்க. செத்துப்போனவருக்கு இதுல என்ன வந்துது?"

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணி, அவர் போன மாசமே மாடி ஏற மூச்சு வாங்கினாரே. நீங்கதான் கவனிச்சிருக்கணும்."

மாவுக்கட்டைப் பிரித்ததும் தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியின் அறை நீளமாக, ஒற்றை ஜன்னலோடு இருந்தது. மேஜையில் கண்ணாடிக்கு அடியில் பழைய நாள்காட்டி ஒன்று. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார்.

"பலகையில எழுதினவரா? அடடா. நல்ல பொறுமைசாலி. உங்க கணவரா?"

"ஆமா. கம்பெனி நடத்தறது என் கூடப்பிறந்த தம்பி."

"அப்படியா? சொந்தமில்லன்னாரே."

எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதால் குரல் நடுங்கவில்லை. முட்டை அட்டையையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் பேனா மூடியைக் கழற்றினார்.

"நான் இதை எழுதிக்கிட்டா உங்க தம்பிக்கு அடுத்த வேலை கிடைக்காதும்மா. பொய் சொன்ன கம்பெனின்னு ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிக்கவா, வேண்டாமா?"

நான் குடியிருக்கும் வீடு யாருடையது என்பது எனக்கு மறந்துவிடவில்லை.

"எழுதிக்கோங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "உங்க தம்பியையும் ஒரு வார்த்தை கேட்டுடணும். அதுதான் முறை," என்று மேஜைப் போனில் எண்ணை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

தம்பியின் குரல் நன்றாகத் தெளிவாகக் கேட்டது. அதிகாரி சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அக்கா அங்க வந்துட்டாங்களா சார்? காலையிலேருந்து தேடிட்டிருக்கோம். மாமா போனதுலேருந்து மனசு சரியில்ல சார். முட்டை அட்டையை வச்சுக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க. நாங்களும் என்னதான் பண்றது? முட்டைக் கதை சொன்னாங்களா?"

"சொன்னாங்க," என்றார் அதிகாரி.

"மன்னிச்சுக்கோங்க சார். ஆட்டோ அனுப்பறேன். கொஞ்சம் உக்கார வச்சிருங்க."

நான் முட்டை அட்டையைத் தொட்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். என் இரண்டு கைகளும் மேஜைக்கு மேலே, ஒன்று நின்றபடி, மற்றது அதன் பக்கத்தில் வரிசையாக நகர்ந்தபடி இருந்தன. அதிகாரிக்கு விளக்கிக் காட்டத் தூக்கிய கைகளை நான் இன்னும் கீழே இறக்கவில்லை. அதிகாரி அவற்றைப் பார்த்தார். பேனாவுக்கு மூடியைப் போட்டார். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்கம்மா. வயசான காலத்துல தனியா வெளிய வரக் கூடாது."

எனக்கு நாற்பத்தைந்து வயது.

ஆட்டோ வந்தது. தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். கோபப்படவில்லை. கையைப் பிடித்து இறக்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். அவர் எழுதிய பழைய கோப்பையே அவர் வைத்த பெயர்களோடு திரும்ப ஏற்றிவிட்டார்களாம். பக்கம் இப்போது நன்றாக ஓடுகிறதாம். படியேறும்போது பின்னாலிருந்து அவனே சொன்னான். இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மேலே போவதற்குள் இருட்டிவிட்டது. மாடிப்படி விளக்கை யாரும் போடவில்லை. அதன் சுவிட்ச் கீழே, அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறது.