செண்பகவல்லி டீச்சர் ஜாவா வாங்கிய (வாங்காத) கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவே இல்லை. ஒரு சின்னப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது அரைப் பக்கக் குறிப்பு. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘பழைய மோட்டார் சைக்கிளைத் தனி ஆளிடம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.’ கூடவே ஒரு எச்சரிக்கையும் விட்டார். “உபயோகமா எழுதும் வே. கதை கிதைன்னு ஆரம்பிச்சிராதேயும்.”

சரி என்று உபயோகமாகத்தான் ஆரம்பித்தேன். ‘விற்கிறவர் வீட்டுக்குப் போனதும் முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உஷார். ஆறின வண்டி எளிதில் கிளம்பாது என்பதால், நீங்கள் வருமுன்பே உதைத்து ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.’

நல்ல வாக்கியங்கள். அதோடு இரண்டாவது குறிப்புக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தொடுகிற அந்தக் கை யாருடையது என்று ஒரு யோசனை வந்தது. பார்த்தால், வளையல் போட்ட கை! போச்சு. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஆசிரியர் மன்னிக்கட்டும்.

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு இது:

‘ஆடித்தவசு முடிந்த மறு ஞாயிறு. சங்கரன்கோவில் வானம்—’ (வேண்டாம். வானத்தைப் பார்த்து யாரும் வண்டி வாங்குவதில்லை.)

‘குருநாதனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். சிறு வயதிலிருந்தே அவன்—’ (இதுவும் வேண்டாம். இது குருநாதன் கதை என்று ஒரு வாரமாக நானும் ஏமாந்துகொண்டிருந்தேன்.)

‘செண்பகவல்லிக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது.’ இதுதான். இதை அடிக்க மாட்டேன்.

ஆர்டர் வந்தது 1982-இல். பள்ளிக்கூடம் திருவேங்கடம் தாண்டிக் கரிசல்காட்டுக்குள் இருந்தது. காலை பஸ் அங்கே போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். சாயங்கால பஸ்ஸோ பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே திரும்பிவிடும். மாமியார் பிச்சம்மாள் தன் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “வேலைக்குப் போகட்டும், நான் ஒண்ணும் வேண்டாங்கல. ஆனா வெளியூர்ல தங்குத சோலி மட்டும் ஆகாது.”

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த செண்பகவல்லியின் புருஷன் குருநாதன் மார்தட்டினான். “ஒரு வண்டி வாங்கிட்டாப் போச்சு. உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு நான் ஆபீசுக்கு வந்திருதேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுதியே ஏட்டி!”

சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று. வண்டி வரவில்லை. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை. செண்பகவல்லிக்கு இந்த வேலை வேண்டும். பாளையங்கோட்டையில் சைக்கிள் மிதித்துப் போய் டிரெயினிங் முடித்தவள் அவள். அந்த ஆர்டரைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறவள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை நான் ஜோடித்து எழுதப் போவதில்லை. ரொம்ப வேண்டும், அவ்வளவுதான்.

3

எழுதியிருக்க வேண்டிய குறிப்பு: ‘நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.’

குருநாதன் கூட்டிப் போனது தாய்மாமன் மூக்காண்டியை. மூக்காண்டி மாட்டுத் தரகர்.

சிரிக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் நியாயம் வேறு. நாலு கால் உள்ளதைப் பார்த்து வாங்கி ஒரு தடவைகூட ஏமாறாத மனுஷனை, இரண்டு சக்கரம் உள்ளது ஏமாற்றிவிடுமா? மெக்கானிக் அந்நியன், விற்கிறவனோடு சேர்ந்துகொள்வான். மாமா நம்ம ஆள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

(செண்பகவல்லி இதற்கு என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். “மாமா, வண்டியப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியாதது என்ன தாயி, அதுவும் இழுக்குத சாமான்தானே” என்றார் அவர்.)

4

விற்கிறவர் பெயர் ஏசுவடியான். இரும்புக்கடைக்காரர். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு, வீட்டை ஒட்டிப் பெரிய பொட்டல். வேப்பமர நிழலில் வண்டி நின்றது. சிவப்பு ஜாவா, இரண்டு புறமும் சைலன்ஸர், டாங்கியில் முழங்காலை அண்டக் கொடுக்க ரப்பர்.

கூடவே வந்திருந்த செண்பகவல்லி, அதைக் கண்டதும் ஆண்கள் இருவரையும் முந்திக்கொண்டு நடந்தாள். இது கிடைத்தால் நாளைக்குக் கரும்பலகை முன்னால் நிற்பாள். கிட்டே போய் என்ஜினில் கை வைத்தாள்.

சூடு!

முதல் பிரதியில் இந்த இடத்தில் ஏசுவடியானை நான் திருடனாக்கியிருந்தேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சப்பென்று இருந்தது. பழைய வண்டி விற்கிறவன் என்றாலே பொய்யன் என்று எழுதுவதற்கு நான் எதற்கு? அடித்துவிட்டேன். அடித்த பிறகு அவரே பேசினார்.

“சூடாத்தான்மா இருக்கும். இப்பத்தான் கோயில்ல ஆராதனை முடிஞ்சு வாரேன். ஆறட்டும், உக்காருங்க. ஆறின பொறவு நீங்களே உதைக்கச் சொல்லிப் பாத்துக்கிடுங்க.”

“ஏன் விக்கிதிய?” என்று கேட்டாள் செண்பகவல்லி. இது ஆண்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வி.

“முதுகு. இனி வண்டில குலுங்கப்படாதுன்னுட்டாரு டாக்டர். பக்கத்துல கோயிலுக்கு மட்டும்தான் எடுக்கேன். நீங்க என்ன படிச்சிருக்கிய?”

“டீச்சர் டிரெயினிங். நாளைக்கு வேலைல சேரணும்.”

“அப்பிடியா! டீச்சரம்மாவா! ஏ, டீச்சருக்கு மோர் கொண்டா” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூடுதலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கிவிட்டது.

5

என்ஜின் ஆறுகிற நேரத்தில் மூக்காண்டி மாமா வேலையை ஆரம்பித்தார்.

முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். தட்டிக்கொடுத்தார். டாங்கியின் இடப்பக்கம் ஒரு நசுங்கல் இருந்தது. விரலால் தடவி, “மருமவனே, இந்த இடத்துல சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆகாது” என்றார்.

“அது சுழி இல்ல அண்ணாச்சி, கடைல கம்பி இறக்கையில பட்டது” என்றார் ஏசுவடியான்.

“பட்டதோ, பிறவில வந்ததோ. இருக்கில்லா?”

அடுத்தபடியாகப் பல்லைப் பார்க்க வேண்டும் என்றார். ஏசுவடியான் அசரவில்லை. செயின் மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைக் காட்டினார். வண்டிக்கு நிஜமாகவே பல் இருப்பதைக் கண்டதும் மாமாவுக்கு ஒரே குஷி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினார். தேயவில்லை. “நல்ல இளவட்டம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

(அரைப் பக்கக் குறிப்பில் போட வேண்டியது இங்கேதான் வருகிறது. போட்டுவிடுகிறேன்: பல்சக்கரம் கூராகத் தேய்ந்திருந்தால் செலவு உண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் கோணாமல் சுற்ற வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் கொத்திய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆசிரியரே, பார்த்தீரா? உபயோகமாகவும் எழுதுகிறேன்.)

அந்த எண்களையெல்லாம் சரிபார்த்தது செண்பகவல்லிதான். பார்த்த கையோடு அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனாள். இது என்ன? கிளட்ச். எதற்கு? கியர் மாற்ற. பிரேக் எது? முன்னால் கையில், பின்னால் வலது காலில். உதைக்கிற மிதியைக் காணோமே?

“அங்கதான் டீச்சர் ஜாவா நிக்கி!” ஏசுவடியானுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. “கியர் மிதியே உதைக்கிற மிதி. உள்ள அமுக்கி மேல தூக்கினா உதைக்கலாம். கிளம்பின பொறவு முன்னால தள்ளி விட்டா கியராயிரும்.”

“ரெண்டும் ஒண்ணுதானா!” என்று கைதட்டினாள். ஒரு பெண்பிள்ளை கிளட்சைப் பற்றிக் கேட்கிறாளே என்று ஏசுவடியான் தயங்கவில்லை. அவருடைய வண்டியைப் பற்றி இத்தனை ஆசையாக யாரும் கேட்டதில்லை. குருநாதன் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி நின்றான்.

6

விலை. இந்தப் பகுதி சின்னதாகத்தான் இருக்கும்.

மாமா தோள் துண்டை எடுத்து ஏசுவடியான் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விரல் கணக்கில் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது. இரும்புக்கடைக்காரருக்கு இந்தப் பாஷை தெரியாது. மாமா விரலை அமுக்கினால் இவர் சிரிக்கிறார், மடக்கினால் “கூசுது அண்ணாச்சி” என்கிறார். ஒரு வழியாக இருவரும் தலையாட்டினார்கள்.

எவ்வளவுக்கு முடிந்தது? எனக்குத் தெரியாது. துண்டுக்குள் நடந்ததை நான் எப்படிப் பார்க்க? குருநாதன் கொண்டுவந்ததற்குள் அடங்கியது என்பது மட்டும் தெரியும்.

7

வண்டி ஆறிவிட்டது. ஏசுவடியான் உதைத்தார். இரண்டாம் உதையில் படபடவென்று பிடித்துக்கொண்டது. பொட்டலெல்லாம் அதிர்ந்தது. கொஞ்சம் நீலப் புகை வந்தது, அது பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற வண்டிகளுக்கு உள்ளதுதான். செண்பகவல்லிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மாமா கையைத் தூக்கினார். “பூட்டிப் பாக்காம நான் மாடு வாங்க மாட்டேன். மருமவனே, ஏறு. அந்தக் கடைசி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டு.”

குருநாதன் அசையவில்லை.

“ஏறுங்க தம்பி” என்றார் ஏசுவடியான்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ராகு காலம்...”

“ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குல்லா வே! இப்ப மணி பதினொண்ணு” என்றார் மாமா.

“செருப்பு சரியில்ல மாமா.”

அப்போதுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ‘நான் ஓட்டாத வண்டியா’ என்று அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அவன் ஒரு வண்டியை ஓட்டி அவள் பார்த்ததில்லை. சைக்கிளைத் தவிர.

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?”

குருநாதன் வேப்பமரத்தைப் பார்த்தான். “பழகிக்கிடலாம்னு நினைச்சேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்கும் தெரியாது. என்ஜினைத் தொடு, பல்லைப் பார், எண்ணைப் பார் என்று இத்தனை எழுதினேனே, ஓட்டப்போகிறவனுக்கு ஓட்டத் தெரியுமா என்று நான்கூடப் பார்க்கவில்லை! மாமாவுக்கும் தோன்றவில்லை. மாடு வாங்குகிறவனைப் பார்த்து ‘உனக்கு மாடு மேய்க்கத் தெரியுமா’ என்று எந்தத் தரகன் கேட்பான்?

“அப்ப விட்ரு மருமவனே, பொறவு பாப்போம்” என்றார் மாமா. “இவ வேலைக்கு வரலைன்னு எழுதிப் போட்ரு. எத்தனை பேரு வீட்டுல இருக்காளுவ.”

செண்பகவல்லிக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம். பொல்லாத ஆத்திரம்.

“அண்ணாச்சி, கியரு எந்தப் பக்கம் தட்டணும்னு இன்னொரு தடவ சொல்லுங்க. நான் ஓட்டுதேன்.”

8

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். ஓட்டிவிடுவாளா? முதல் நாளே சர்ரென்று பறந்தாள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினாள். கிளட்சை வெடுக்கென்று விட்டாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடி ஏசுவடியான் உதைத்துக் கொடுத்தார். மறுபடி அணைந்தது. “ஏ கோட்டிக்காரி, இறங்கு!” என்று மாமா கத்தினார். “மெதுவா டீச்சர், மெள்ள மெள்ள விடுங்க!” என்று ஏசுவடியான் கத்தினார். முதுகு வலியை மறந்து கூடவே ஓடிவந்தார்.

மூன்றாம் தடவை வண்டி நகர்ந்தது.

நகர்ந்ததய்யா! கோணல்மாணலாக, ஆளை உருட்டப் பார்த்துக்கொண்டு, ஆனால் நகர்ந்தது! சைக்கிளில் பழகிய நிதானம் கைகொடுத்தது. பொட்டலின் கடைசி வரை போனாள். திரும்பத் தெரியாமல் பெரிய வட்டமாக வளைத்தாள், ஒரு ஆடு தெறித்து ஓடியது. “பிரேக்கு! பிரேக்கு!” என்று மூன்று ஆண்களும் ஒரே குரலில் கூவ, குருநாதனுக்கு மூன்று முழம் முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். என்ஜின் அணையவில்லை.

“அணையல! பாத்தியளா, அணையல!” என்று கத்தினாள். சிரிப்பும் மூச்சிரைப்புமாக இருந்தாள்.

(லைசென்ஸ் எங்கே என்று கேட்கிற வாசகர் இருக்கிறார், தெரியும். எடுக்க வேண்டும். கட்டாயம் எடுக்க வேண்டும். இப்போது கொஞ்சம் சும்மா இரும்.)

9

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்றில் குருநாதன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்கிறான். ஸ்டேஷன் ரோட்டிலிருந்து ரத வீதி வழியாக, சங்கத்து ஆட்களும் டீக்கடைக்காரர்களும் பார்க்க, பெண்டாட்டி ஓட்ட இவன் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்கிறான். பிச்சம்மாள் என்ன சொல்கிறாள் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்றில் பணம் சட்டைப் பையிலேயே இருந்துவிடுகிறது. “ஊரு சிரிக்கும்” என்கிறான். ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போகிறது. இதை எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் என் கை ஓடவில்லை.

முதலாவதைப் போட்டுவிடலாம்தான். ஆனால் குருநாதனை நான் பிடித்துத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தால், அவன் ஏறினதாக ஆகாது. நாளைக்கும் மறுநாளும் அவனல்லவா வீட்டில் இருந்து அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்? கெட்டவன் இல்லை அவன். பையில் கை வைத்திருக்கிறான். முகம் சிவந்திருக்கிறது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். ஏசுவடியான் ஆர்.சி. புத்தகத்தை நீட்டியபடி நிற்கிறார்.

செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

“ஏறுதியளா, இல்லையா?”

அவன் உங்களைப் பார்க்கிறான். என்னை இல்லை, உங்களைத்தான். என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். சட்டென்று ஒன்று சொல்லுங்கள், பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கிறது.