ஒன்பதாவது கொக்கி

தையற்காரர் மூன்றாவது முறையும் மனைவியின் கையைப் பிடித்தார். மூன்றாவது முறையும் அவள் உதறிவிட்டாள். வலு போன கைதான், ஆனால் உதறலில் குறைச்சல் இல்லை. இரண்டு கையையும் மார்பின்மேல் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எட்டு வரைக்கும் வந்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"என்ன வேணும்? தண்ணியா? எதை எண்ணிட்டிருக்க?"

அவளுக்குப் பேச்சு நின்று இரண்டு நாளாகிறது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லிவிடத் தையற்காரருக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை குட்டி இல்லை. அவளுக்குத்தான் ஊர்ப்பட்ட பிள்ளைகள். இருபத்தாறு வருடமாகக் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் சொல்லிக் கொடுத்தவள். கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம் இல்லை. முதல் வாரமே கையில் இரும்பைக் கொடுத்துவிடுவாள். வருடக் கடைசியில் ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு பம்பு செய்து, அதில் தண்ணீர் ஏற்றிக் காட்ட வேண்டும். ஏறினால்தான் மார்க்கு. அந்தப் பம்புகளின் தலைவலியெல்லாம் சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வீட்டுக்கு வந்துவிடும். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "எங்க கசியுது? வாஷரைப் பாத்தியா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பாள். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டதா என்பது அவருக்குச் சந்தேகம்தான்.

பொறாமைதான், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வேறொரு ஆண்பிள்ளைமேல் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். ஒரு லேப்மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? லேப்பில் அவள் போட்டுக்கொள்ள வருடத்துக்கு இரண்டு நீலக் கோட்டு தைத்துக் கொடுத்தவர் அவர். பைக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்தாலும், ஆறே மாதத்தில் கிழிந்து எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். மறுபடி தைப்பார். ஆனால் வீம்புக்கு அந்த லேப் வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை.

பதினொரு மணிக்கு லேப் ஸ்டோர்க்காரர் வந்தார். கருவிகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவர். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் நின்று கொஞ்ச நேரம் அவள் விரல்களையே பார்த்தார்.

"சக் கீ எண்ணுறாங்க சார்."

"என்ன கீ?"

"லேத்து மெஷின்ல இரும்பைக் கவ்விப் பிடிக்குதே சக்கு, அதை முறுக்குற சாவி. எடுக்க மறந்துட்டு மெஷினைப் போட்டா குண்டு மாதிரி பறந்து வரும். எட்டு மெஷின், எட்டு சாவி. சாயந்திரம் எட்டும் சுவத்துப் பலகைக் கொக்கியில ஏறினாதான் மேடம் ஒருத்தரையும் வெளிய விடுவாங்க." சொல்லிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "எட்டும் ஏறிடுச்சு மேடம். நானே எண்ணிட்டேன்."

அவள் கண் திறந்து ஸ்டோர்க்காரரைப் பார்த்தாள். இரண்டு நாளாகப் புருஷனைப் பார்க்காத கண். பிறகு ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஸ்டோர்க்காரர் ஓரக்கண்ணால் தையற்காரரைப் பார்த்தார். இன்னும் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் முகம் அப்படியே தளர்ந்தது. கை விரிந்து போர்வையில் விழுந்தது. தூங்கிப்போனாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல சார். லேப் விஷயம்."

லேப் விஷயம்! முப்பது வருடம் கூட வாழ்ந்தவன் கையை உதறுகிறாள். எவனோ காதில் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அந்தத் தூக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. நர்ஸ் ஒரு கவரைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், வீட்டுச் சாவி. சாவியின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. பல வருடத்துக்கு முன்னால் அவர் அதைப் பிளேடால் சுரண்டப் போக, "இருக்கட்டும் விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அரை மணி நேரம் மேடத்தை லேப்ல வெச்சுட்டுக் கொண்டுபோலாமா சார்? பசங்க கேக்கறாங்க" என்றார் ஸ்டோர்க்காரர்.

செத்த பிறகுமா என்று கேட்க நினைத்தார். "சரி" என்றுதான் வாயில் வந்தது.

லேப் அவர் நினைத்ததைவிடச் சின்னது. எண்ணெய் வாசனை அடித்தது, அவள் தலைமுடியில் தினமும் அடித்த அதே வாசனை. நிறுத்தி வைத்த இயந்திரங்களின் பக்கத்தில் நீலக் கோட்டு போட்ட பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் ஸ்டிரெச்சர். கண் வீங்கிய ஒரு மாணவி அவரிடம் வந்தாள்.

"எங்களுக்கெல்லாம் அவங்க மைக்ரான் மேடம் சார். முடியளவு தப்பைக்கூட விட மாட்டாங்க. ஆனா போன வருஷம் எங்க பம்பு பிச்சுக்கிட்டு, தண்ணி மொத்தமும் அவங்க மேல. திட்டுவாங்கன்னு பாத்தா, தரையில உக்காந்து அரை மணி நேரம் சிரிச்சாங்க."

அன்றைக்குத் தலை ஈரமாக வந்து நின்றாள். மழையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அரை மணி நேரச் சிரிப்பில் ஒரு நிமிஷத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக் கூடாதா?

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே பலகை. மஞ்சள் பெயின்டில் சாவியின் உருவம் எட்டு வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு கனத்த சாவி. ஓரத்தில் ஒன்பதாவது உருவம். சின்னது. வட்டத் தலை, மூன்று பல். கொக்கி காலியாக இருந்தது.

அந்த மூன்று பல்லையும் அவருக்குத் தெரியும்.

"வீட்டுச் சாவி சார்" என்றார் பக்கத்தில் வந்த ஸ்டோர்க்காரர். "காலையில வந்ததும் முதல்ல இதைத்தான் மாட்டுவாங்க. சாயந்திரம் எட்டும் ஏறினப்புறம் இதை எடுத்துட்டுக் கிளம்புவாங்க. 'இங்க வந்தா எனக்கு வீடு மறந்துபோயிடுது. மறந்தா ஆபத்து. அதான் கோடு போட்டு வெச்சிருக்கேன்'னு சொல்வாங்க."

தையற்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"காலையில காதுல..."

"ஒன்பதாவது சார்கிட்ட இருக்குன்னு சொன்னேன். தெரிஞ்சு சொல்லல. சும்மா அவங்க நிம்மதிக்கு."

மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்தச் சாவி கிடைச்சா இங்கயே மாட்டி வெச்சிடலாமா சார்? எப்பவும் இருக்கட்டுமேன்னு எல்லாரும் ஆசைப்படறோம்."

சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தாயிற்று. சிரிப்பைக் கொடுத்தாயிற்று. கடைசி அரை மணி நேரத்தையும் கொடுத்தாயிற்று. அவர் கை தானாகச் சட்டைப்பையின்மேல் போய் உட்கார்ந்தது.

"தெரியலையேம்மா" என்றார். "எங்க போச்சோ."

பொய் சொன்ன கூச்சம்கூட இல்லை. ஸ்டோர்க்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு பையை மூடியிருந்த கையைப் பார்த்தார். பலகைப் பக்கம் திரும்பி, தினமும் செய்வதுபோல ஒவ்வொரு கொக்கியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். காலிக் கொக்கியையும் தொட்டார்.

"ஒன்பதும் சரி. கிளம்பலாம்" என்று உரக்கச் சொன்னார்.

பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். தையற்காரர் பையிலிருந்து கையை எடுக்காமல் ஸ்டிரெச்சர் பின்னால் நடந்தார்.