நாலாவது மூலை

அலமாரிக் கதவு மேலே மூடியது, கீழே மூடவில்லை. கீழ் மூலையை அழுத்தினால் மேல் மூலை வாயைத் திறந்தது. மேலே தள்ளினால் கீழ் மூலை ஒரு விரல்கடை வெளியே வந்து நின்றது.

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். மூலைக்கு மூலை குறுக்கே அளவு நாடாவைப் பிடித்தார், இரண்டு குறுக்கும் ஒரே அளவு. மூலைமட்டத்தை வைத்தார், இடுக்கில் வெளிச்சம் புகவில்லை. அலமாரியின் மேல் ரசமட்டம் வைத்தார், குமிழி நடுவில் அசையாமல் கிடந்தது. கதவின் நான்கு சட்டங்களையும் வெர்னியரில் கவ்விப் பார்த்தார். நுனியிலும் நடுவிலும் அடியிலும் ஒரே கனம். தனித்தனியாகக் கேட்டால் யார் மேலும் தப்பில்லை, ஒன்றாக உட்கார வைத்தால்தான் சண்டை. சில குடும்பங்கள் அப்படித்தான்.

தெருவில் அவரை அரைநூல் என்பார்கள். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் வேலையைக் கலைத்துப்போட்டு மறுபடி தொடங்குகிறவர் என்பதால் வந்த பேர். இப்போது அவர் முன்னால் நின்ற கதவு ஆறு நூல் பிசகியிருந்தது. அதுவும் இரண்டாவது தடவை.

மருந்துக்கடை அம்மா பட்டறை வாசலில் நின்றபடியே பார்த்தார். அலமாரி அவர் கடைக்குத்தான்.

"என்னண்ணே, போன தடவையும் இப்படித்தானே நாக்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு?"

"அது ஈர மரம்மா. அதான் முறுக்கிடுச்சு. இது நல்லாக் காய்ஞ்ச மரம்."

"மரம் மாறிடுச்சு. நாக்கு மாறலையே."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்த அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. "உங்க வேலை பிடிக்கும்னுதாண்ணே உங்ககிட்ட வந்தேன். ஆனா கடைல தூசி அடையுது, மருந்தைத் திறந்து வைக்க முடியாது. அடுத்த வாரமும் மூடலைன்னா கோவிச்சுக்காதீங்க, இரும்பு அலமாரி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிறேன்."

அவர் போன பிறகு தச்சர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பார்த்தால்தான் அது அங்கே இருப்பது தெரிந்தது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவிரல் போய்க்கொண்டிருந்தது. தேய்ப்பு மெஷினையும் கிரைண்டரையும் காலமெல்லாம் இறுக்கிப் பிடித்த கை அது. மெஷினின் அதிர்வு விரலுக்குள் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும், நரம்பையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "இருக்கறதைக் காப்பாத்திக்குங்க. அதிர்ற மெஷினைக் கையில பிடிக்காதீங்க" என்றார்.

அதிர்கிற மெஷின் போனால் போகட்டும், இழைப்புளி இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்தார். இழைப்புளி தள்ளப் பிடி வேண்டும். நான்கு தள்ளுக்கு மேல் கை நழுவியது. பலகை மேல் விரலை ஓட்டினால் மேடு எது பள்ளம் எது என்று முன்பெல்லாம் விரலே சொல்லும். இப்போது விரல் ஊமையாகிவிட்டது.

அதனால்தான் பிளேனர் வாங்கினார். தரையில் நிற்கும் மெஷின், கையில் பிடிக்க வேண்டியதில்லை. கீழே இரும்புத் தட்டு, மேலே சுழலும் கத்தி. கத்திக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ரப்பர் உருளைகள். ஒரு பக்கம் பலகையைக் காட்டினால் போதும், உருளைகள் அதைக் கவ்வித் தட்டோடு அழுத்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். கத்தி மேல்பக்கத்தைச் சீவும். தட்டுக்கும் கத்திக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வைத்தோமோ அந்தக் கனத்தில் பலகை மறுபக்கம் கண்ணாடிபோல வந்து விழும். முதல் நாள் அவர் அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அந்த மெஷினில் இழைத்த மரத்தில் செய்தவைதான் இந்த இரண்டு கதவுகளும்.

மெஷினில் குறை இல்லை. அதைத்தான் வெர்னியர் சொல்கிறது. அப்படியானால் குறை யாரிடம்? கதவைப் பசை போட்டு இறுக்கும்போது கை கோணியிருக்க வேண்டும். கண்ணும் மங்கியிருக்கலாம். விரல் போனதோடு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறதோ என்னவோ.

இன்னும் ஒரே ஒரு மெஷின் வாங்கிப் பார்ப்பது, அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பட்டறையைப் பூட்டுவது என்று முடிவு செய்தார். கையில் பிடிப்பது எதுவும் ஆகாது. நிற்கிற மெஷின்களில் மேசை ரம்பம் அறுக்கும், அவ்வளவுதான். நாடா ரம்பமும் அப்படியே. கோணலை எடுப்பதற்கென்றே இருப்பது ஒன்றுதான், ஜாயின்டர்.

மெஷின் கடையில் விற்பனைக்கு நிற்பவன் அவர் மனைவியின் தம்பி. அவரைப் பார்த்ததும் கைக்குட்டையால் ஒரு ஜாயின்டரைத் துடைத்தான்.

"வாங்க மாமா. நீங்க வந்து வந்து பார்த்ததுல இதுக்கெல்லாம் வெட்கமே போயிடுச்சு. இன்னிக்காவது ஒண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி குணம் தெரிய வேணாமா மாப்ள?"

"தங்கமான குணம். இப்படி வாங்க."

ஜாயின்டரில் மேசை இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு வாய், அந்த வாய்க்குள் கத்தி. முன்மேசை சற்றே தாழ்ந்திருக்கும், எவ்வளவு தாழ்வோ அவ்வளவு சீவும். பலகையை மேசை மேல் வைத்து உள்ளங்கைகளால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இங்கே கத்தி கீழ்ப்பக்கத்தைச் சீவுகிறது. அழுத்தி வைக்க உருளை கிடையாது. கைதான் உருளை.

"தள்ளிப் பாருங்க மாமா. கரண்ட் இல்லை, சும்மாத்தான்" என்று ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தான் மாப்பிள்ளை.

தச்சர் பலகையில் கைகளை வைத்துத் தள்ளினார். சுகமாகத்தான் போனது. நடு வாயைத் தாண்டியிருப்போம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார்.

சுண்டு விரலும் மோதிர விரலும் பலகையின் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நுனிகளும் வாய்க்குள் இருந்தன. கத்தியின் ஓரம் தோலில் பதிந்து வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

கையை மெல்ல எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது வேணாம் மாமா."

"ம்."

"அக்காகிட்ட நான் எதுவும் சொல்லலை." அவன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்து ரெடிமேடு பர்னிச்சர் கடைல ஆள் கேட்டாங்க. எல்லாம் அறுத்து, ஓட்டை போட்டு, பெட்டியில வந்துடும். பொருத்திக் குடுக்கணும். உங்களுக்கு அது கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை. பேசட்டுமா?"

அவர் தெருவைப் பார்த்தார். லாரியிலிருந்து பெட்டி பெட்டியாக யாரோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு.

"பேசு" என்றார்.

சாயங்காலம் மனைவி ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பையை வீசினாள். அந்தக் கடையில் மெஷின் ஓட்டுகிறவள் அவள்தான்.

"இன்னிக்கு ஒரு ஆள் சண்டைக்கு வந்துட்டான். காப்பி கோணலா வந்திருக்காம். நான் என்ன பண்ணுவேன், அவன் கொண்டுவந்த தாளே கோணல். கண்ணாடி மேல எதை வைக்கிறமோ அதைத்தானே அது எடுக்கும்? உன் மூஞ்சியை வச்சா என் மூஞ்சியா வரும்னு கேட்டேன். முதலாளி உள்ள ஓடிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை.

"என்ன, மறுபடி கதவா?"

"பட்டறையை மூடப்போறேன். உன் தம்பி பேசறேன்னான். பொருத்தற வேலை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவன் சொன்னான்னு நீங்க தலையாட்டிட்டீங்களா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? கை போச்சுங்கறேன், நீ ஜெராக்ஸ் கதை சொல்லிக்கிட்டிருக்க!"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்தது அவருக்கே தெரிந்தது.

"கை போனது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள் அவள். "டம்ளர் நழுவுறப்பல்லாம் நீங்க ஜன்னலைப் பார்ப்பீங்க. தரையைத் துடைக்கிறது யாரு?"

அவள் எழுந்து போய் அவருக்குப் பிடியுள்ள குவளையில் டீ கொண்டுவந்தாள். இடது கைப்பக்கம் வைத்தாள். அவர் குடித்தார். உலகத்தில் இனித் தனக்காக எல்லாமே இடப்பக்கம்தான் வைக்கப்படும் என்று தோன்றியது.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தது மூடுவதற்காகத்தான். உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றினார். இழைப்புளிகளை வரிசையாகப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பிளேனரைத் துடைத்தால் யாராவது வாங்கிப் போவார்கள். அதன் பக்கத்தில், கதவுக்கு இழைத்ததில் மிஞ்சிய சட்டம் ஒன்று கிடந்தது. துடைக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று எடுத்து இரும்புத் தட்டின் மேல் போட்டார்.

டக்.

கை பட்டு அசைந்தது. டக். மறுபடி தொட்டார். டக், டக்.

மெஷின் ஓடும்போது காதில் பஞ்சு. அந்த இரைச்சலில் இந்தச் சத்தம் என்றைக்கும் கேட்டதில்லை. விரலில் தெரிந்திருக்க வேண்டிய ஆட்டம், விரல் ஊமையானதால் தெரியவில்லை. இப்போது காது சொல்லியது. குனிந்து பார்த்தார். சட்டத்தின் மூன்று மூலைகள் தட்டில் உட்கார்ந்திருந்தன, நாலாவது மூலை காற்றில் நின்றது. கனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் சட்டமே முறுக்கியிருந்தது.

உள்ளங்கையால் அழுத்தினார். சட்டம் தட்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. கையை எடுத்தார். நாலாவது மூலை நிதானமாக எழுந்தது.

உருளைகள் செய்தது இதைத்தான். முறுக்கிய மரத்தைத் தட்டோடு அமுக்கிப் பிடித்தன. அமுங்கிக் கிடந்த நேரத்தில் கத்தி சீவியது. வெளியே வந்ததும் மரம் பழையபடி முறுக்கிக்கொண்டது. அடிப்பக்கம் எப்படியோ மேல்பக்கமும் அப்படியே, வழவழப்பாக ஒரு நகல். கோணல் தாளைக் கொடுத்துவிட்டுக் காப்பி கோணல் என்று சண்டை போட்டவன் தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

முன்பெல்லாம் ஏன் இப்படி ஆகவில்லை? எந்தப் பலகையை எடுத்தாலும், முதலில் இழைப்புளியால் ஒரு பக்கத்தின் மேட்டை மட்டும் சீவித் தட்டையாக்கிவிடுவார். குளிக்கும் முன் சட்டையைக் கழற்றுவது மாதிரி, அது ஒரு வேலை என்றே அவர் நினைத்ததில்லை. கை போனபோது அந்த வேலையும் சேர்ந்து போனது. போனதே தெரியாமல் மெஷினிடம் மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்.

போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, பேசிட்டேன். திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க."

"இரு மாப்ள. கொஞ்சம் பொறு."

"ஜாயின்டர் எடுத்துட்டீங்களா? சத்தியமா வேணாம் மாமா!"

"ஒண்ணும் எடுக்கலை" என்று வைத்துவிட்டார்.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை. நடுவிரலை மேசையில் தட்டிப் பார்த்தார், கட்டையைக் கட்டையில் தட்டுவது போலத்தான் இருந்தது. நாளை அடுத்த விரலும் போகலாம். ஆனால் கதவு கோணியது கையால் அல்ல. அதை அவர் இரண்டு மூன்று தடவை தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு மூலையில் சாய்ந்திருந்த கனமான பிளைவுட் துண்டை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பிளைவுட் யோசனை வேலை செய்தது. செய்முறை இதுதான்: தட்டையான பிளைவுட் மேல் முறுக்கிய சட்டத்தை வைக்க வேண்டும். சட்டம் முன்னால் வழுக்காமலிருக்க, பிளைவுட்டின் முன்நுனியில் சட்டத்தைவிட மெல்லிய குச்சி ஒன்றை ஆணித் தலை வெளியே தெரியாமல் அறைய வேண்டும். மூலைகளைத் தட்டிக் கேட்க வேண்டும். டக் என்கிற இடத்தில், சத்தம் நிற்கும் வரை, மெல்லிய ஆப்பைச் செருகிப் பசை வைக்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் அங்கேயும் ஒன்று. அப்போது உருளை அமுக்கினாலும் சட்டம் அமுங்காது. பிளைவுட்டோடு சேர்த்து மெஷினுக்குள் விட்டால் கத்தி மேட்டை மட்டும் எடுக்கும், மேல்பக்கம் தட்டையாகும். பிறகு ஆப்பையும் பிளைவுட்டையும் எடுத்துவிட்டு, அந்தத் தட்டையான பக்கத்தை அடியில் வைத்து மறுபக்கத்தைச் சீவ வேண்டும். அந்தச் சட்டங்களில் செய்த கதவு மேலேயும் மூடும், கீழேயும் மூடும்.