வயிற்றுக்கு எத்தனை கட்டம்

என் வீட்டுக்காரர் உடற்கூறியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எல்லை'. வாய்மொழித் தேர்வில் யார் போய் நின்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எல்லை சொல்லு." அக்குளுக்கு முன்சுவர் எது, பின்சுவர் எது, உச்சி எங்கே என்று கடகடவென ஒப்பிக்காதவன் அடுத்த வருஷமும் வந்து நிற்க வேண்டியதுதான். வீட்டிலும் அதே கதை. என் மூக்குக்கண்ணாடியைக் காணோமே என்றால், "மேசையின் மேற்பரப்பில், விளக்குக்கு உட்புறமாக" என்பார். எடுத்துக் கொடுக்க மாட்டார்.

என் தம்பி வயிற்று அறுவை நிபுணன். அவனுக்கு விளக்கம் கேட்கப் பொறுமை கிடையாது, திறந்து பார்த்தால்தான் திருப்தி. இந்த இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரும் விளக்கமும் முடிவுசெய்து புத்தகமாகப் போடும் குழு அது. எலும்பில் சண்டை வரவில்லை. தசையில் கொஞ்சம் முணுமுணுப்பு. கொழுப்பைத் திசு என்பதா உறுப்பு என்பதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். அங்கே யாருக்கும் அதில் குறைச்சல் இல்லாததால் சுமுகமாக முடிந்தது. வயிற்றுக்கு வந்ததும் குடும்பம் இரண்டாகிவிட்டது.

விஷயம் இதுதான். வயிற்றின் மேல் நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்பது இவர் கட்சி. தொப்புள் வழியாக நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, நாலே கட்டம் போதும் என்பது தம்பி கட்சி. குழுவில் ஏழு பேர். அதில் ஒன்பதுக்கு நாலு பேர், நாலுக்கு மூன்று பேர். கேட்டாலே தலை சுற்றும். கடைசி ஓட்டெடுப்பு நாளும் வந்தது. எழுந்து போனவர் ஓட்டு செல்லாது என்பது விதி. கல்லூரியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் கூட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அன்று காலை அவர் சாப்பிடவில்லை.

"தொப்புளைச் சுத்தி லேசா வலி," என்றார்.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"மத்தியானம் ஆறு டாக்டர் வீட்டுக்கே வராங்க. அப்புறம் என்ன?"

அதுவும் சரிதானே என்று நானும் நிம்மதியாகிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. லாட்டரி விழுந்தவர் குரல். டீத் தட்டோடு எட்டிப் பார்த்தேன். சட்டையைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு நிற்கிறார், கையில் நீலப் பேனா.

"வலி நகர்ந்துடுச்சு மாப்ளே. காலையில தொப்புள் கட்டத்துல இருந்துச்சு, இப்போ வலது கீழ்க் கட்டம். உங்க நாலு கட்டத்துல தொப்புளுக்கு இடமே கிடையாது. காலையில என் வலி எங்க இருந்துச்சுன்னு நீ எழுதுவே, சொல்லு."

சொல்லிக்கொண்டே தன் வயிற்றில் தானே கோடு போட்டுக்கொண்டார். ஒன்பது கட்டமும் வந்தது. தம்பி எழுந்து வந்து வலது பக்கம் கீழே விரலை வைத்து அழுத்தி, சட்டென்று எடுத்தான். இவர் துள்ளிவிட்டார். தம்பி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான்.

"வலது கீழ். என் ரெண்டு கோட்டுலயே அது வந்துடுது அத்தான். மீதிக் கோடெல்லாம் அலங்காரம்."

நீலக் கோட்டின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மற்ற ஐந்து பேரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். ஒருவர் நீலக் கோடு அரை விரல் இறங்கிவிட்டது என்றார். இன்னொருவர் இவருக்குத் தொப்பை இருப்பதால் தொப்புளை அளவுகோலாக வைக்க முடியாது என்றார். இவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"என்னங்க இது? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றேன்.

"ஒரு நிமிஷம் இரு அக்கா," என்றான் தம்பி. "அத்தான் இப்போ ஒத்துக்கப் போறார்."

"நான் எழுந்து போனா மூணுக்கு மூணு ஆயிடும். அதுதான் இவனுக்கு வேணும்," என்றார் இவர்.

வாக்குவாதம் சூடு பிடித்தது. திடீரென்று இவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "வலி போயிடுச்சு," என்றார். "வாங்க, ஓட்டெடுக்கலாம்."

ஆறு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலி போனதற்கு ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் அவர் வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. தட்டை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ஸ்ட்ரெச்சரை வாசலில் எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்று ஆறு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். வலி சட்டென்று அடங்கியதே அது வெடித்ததால்தானாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று வேறொரு சர்ஜன் வெளியே வந்து என்னிடம் சொன்னார். சொந்தக்காரன் என்பதால் தம்பியை உள்ளே விடவில்லை. அவன் என் பக்கத்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா," என்றான். "கை வச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அவர் வாயால ஒத்துக்கட்டும், உடனே கூட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

சின்ன வயதில் அவனை அடித்திருக்கிறேன். அதற்கப்புறம் அன்றுதான் கை ஓங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்ததால் கையை மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இவருக்குப் பேச்சு வந்தது. முதல் கேள்வி, "ஓட்டெடுத்தாங்களா?"

"இல்ல. உங்களுக்கு இது என்னன்னு எப்போ தெரியும்?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையிலேயே சந்தேகம். அவன் அழுத்தி எடுத்தப்போ நிச்சயம்."

ஆக அந்த மேசையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் டீ கொண்டுபோன நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. ராத்திரி முழுக்க இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்துப் பயந்து செத்திருக்கிறேன்.

"நீங்க போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா? அந்த ஒன்பது கட்டத்துல நான் எந்தக் கட்டத்துல வரேன், அதச் சொல்லுங்க."

மனுஷன் என் கையைப் பிடித்திருக்கலாம். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார்.

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாமென்றால், அங்கே நாலு கட்டக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.