பக்கம் 212-இல் ஒரு ஞானி

பேராசிரியரிடமிருந்து திரும்பி வரும் புரூப் தாள்களை இடுக்கியால் பிடித்து, மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகே தொட வேண்டும் என்பது அந்த அச்சகத்தில் புரூப் பார்ப்பவரின் கட்சி. மனிதர் விரலை நாக்கில் முக்கி முக்கித்தான் பக்கம் புரட்டுவார். நாக்கா அது, வற்றாத ஏரி! கிரேக்கக் குடியாட்சியின் மேல் எண்ணெய் வட்டம், சீனத்து அறநெறிக்குள் பல் குத்திய குச்சி, அடிமைகளின் விடுதலைக்கு நடுவே பிறைநிலா போல ஒரு கால் நகம். அவர் எழுதும் ‘உலகச் சிந்தனைகளின் வரலாறு’, ஐந்து பாகம். மூவாயிரம் ஆண்டுகளில் எந்தக் கொடுங்கோலனும் சிந்தனையாளர்களை இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை.

அங்கே வேலை இரட்டையாகத்தான் நடக்கும். எதிரே ஓர் அம்மாள் தட்டச்சுப் பிரதியைப் புள்ளி, காற்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார். இவர் அச்சுத்தாளில் சிவப்புப் பேனாவால் சரிபார்ப்பார். அம்மாள் வீட்டில் மருமகளைத் திட்டும்போதும் காற்புள்ளி சொல்லித்தான் திட்டுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. கிளப்பிவிட்டவர் இவரேதான்.

அன்று காலை சுதந்திரம் பற்றிய அத்தியாயம்.

“பாலைவனத்து நாடோடியும் மலைநாட்டுத் துறவியும் அரசனில்லாமல் வாழ முடியும் என்பதைத் தனித்தனியே கண்டுகொண்டார்கள் காற்புள்ளி இங்கே மூச்சு முட்டுது கண்ணு காற்புள்ளி ரெண்டா வெட்டு முற்றுப்புள்ளி.” அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “என்னண்ணே இது? யாரு யாரை வெட்டணுமாம்?”

அது புரூப் பார்ப்பவரே எழுதியது. மகள் நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ஆய்வேட்டின் ஓரத்தில், வாக்கியம் அனுமார் வால் போல நீள்கிறதே என்று பென்சிலால் கிறுக்கியது. அந்தப் படியைத்தான் அவள் தன் வழிகாட்டியான இதே பேராசிரியரிடம் படிக்கக் கொடுத்திருந்தாள். மனிதர் அதை அப்படியே தட்டச்சுக்குத் தள்ளிவிட்டார். அப்பன் கிறுக்கலும் அத்தியாயத்தில் ஏறிவிட்டது. புத்தகம் முதலில் வந்துவிட்டால், அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மகள்தான் திருடி. வாயைத் திறந்தாலோ, ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த எச்சில் விரல்காரரே.

பதினோரு மணிக்குப் பேராசிரியரே வந்துவிட்டார். “என்னய்யா, எத்தனை பக்கம் தேய்ச்சாச்சு?”

“ஒரே ஒரு சந்தேகம் சார். 212-ஆம் பக்கம், இந்த வரி.”

பேராசிரியர் குனிந்து பார்த்தார். ஒரு நொடி முகம் பேயறைந்தது போலானது. அடுத்த நொடி கீழை, மேலைத் தத்துவங்களெல்லாம் அந்த முகத்தைக் காப்பாற்ற ஓடிவந்தன. “ஓ, இதுவா! ஒரு ஞானி சீடனுக்குச் சொன்னது. ஆசையை ரெண்டா வெட்டுன்னு. மேற்கோள் குறி போடுங்க.”

“கண்ணுன்னா கூப்பிட்டாரு?” என்றார் அம்மாள்.

“கருணைம்மா! ஞானிங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

புரூப் பார்ப்பவர் தாளை நீட்டினார். சந்தேகம் கேட்ட இடத்தில் எழுதியவரே பதிலும் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது அச்சக வழக்கம். “ஓரத்துல எழுதிக் குடுத்துடுங்க சார். நாளைக்கு என் தலை உருளக்கூடாது பாருங்க.”

‘தொன்மையான ஞானி ஒருவரின் வாக்கு. அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதி, அரைப் பக்கத்துக்குக் கையெழுத்தும் தேதியும் போட்டு, அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார் பேராசிரியர்.

“யாருண்ணே அந்த ஞானி?”

“நான்தாம்மா.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புரூப் பார்ப்பவர் தன் மகளுக்குப் போன் போட்டார்.

“கண்ணு, நான் பென்சில்ல எழுதின படி எங்க?”

“சார் திருப்பிக் குடுத்துட்டாரு, கட்டிலுக்குக் கீழ பெட்டியில கிடக்கு. ஏன்ப்பா?”

அவர் நடந்ததைச் சொன்னார்.

“அப்பா, அப்புறம் என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டாரே.”

“இங்க போட்டுட்டாரு. அந்தப் படியையும் இந்தத் தாளையும் பக்கத்துல வச்சா யாரு திருடன்னு தெரிஞ்சிடும். நீ பெட்டியை எடு.”

தரையில் தகரப் பெட்டி கிறீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. காதில் போனை அழுத்திக்கொண்டு அவர் காத்திருந்தார்.